இனந்தெரியாத எழுவாய்

ஈழத்துத் தமிழ் நாளிதழ்களைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு ஒரு சொல் பழகிப்போயிருக்கும்: 'இனந்தெரியாத நபர்கள்'. இனந்தெரியாத நபர்களால் ஆசிரியர் சுட்டுக்கொலை. இனந்தெரியாதோர் வீடு புகுந்து இளைஞரைக் கடத்தினர். நம்மூர்ப் பத்திரிகையில் இதே இடத்தில் 'மர்ம நபர்கள்' என்று வரும். மர்மம் என்பதில் துப்பறியும் கதையின் வாசனை உண்டு, ஒரு கிளுகிளுப்பு உண்டு. 'இனந்தெரியாத' என்பதில் அது கிடையாது. அடையாளம் தெரியாத என்பதுதான் பொருள். ஆனால் இனத்தின் பெயரால் நடந்த ஒரு போரில் கொன்றவனின் இனம் மட்டும் தெரியாமல் போயிற்று என்பதில் மொழி தன்னையறியாமல் செய்த ஒரு கிண்டல் இருக்கிறது. செய்தியை எழுதியவருக்குத் தெரியும், படித்தவருக்குத் தெரியும், செத்தவர் வீட்டாருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததைச் சொன்னால் மறுநாள் செய்தியில் தானே செயப்படுபொருளாகிவிடுவோம் என்ற பயத்தில் எழுவாய் இருக்கவேண்டிய இடத்தில் இந்தச் சொல்லை வைத்து மூடினார்கள்.

எம்.ஏ. தமிழ் படித்தவனிடம் போரைப் பற்றிக் கேட்டால் இலக்கணம்தான் பேசுவான், பொறுத்துக்கொள்ளவேண்டும். செயப்பாட்டு வினை தமிழின் இயல்பான ஓட்டமல்ல என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். 'இராமன் வாலியைக் கொன்றான்' என்பதுதான் பேச்சு. 'வாலி இராமனால் கொல்லப்பட்டான்' என்பது பாடப்புத்தக வாக்கியம். (இந்த உதாரணத்தைத் தேர்ந்த ஆசிரியருக்குக் கொஞ்சம் விஷமம் இருந்திருக்கவேண்டும், வாலியைக் கொன்றவன் மறைந்து நின்றவன்.) அந்த இயல்பற்ற வாக்கியம் முப்பதாண்டுப் போர் முழுக்க நம் இயல்பான வாக்கியமாகிவிட்டது. 'இராமனால்' என்பதும் உதிர்ந்து, 'கொல்லப்பட்டான்' மட்டும் மிஞ்சியது.

இதற்கு மேலும் ஒரு படி உண்டு. 10.4.2002 அன்று கிளிநொச்சியில் விடுதலைப் புலிகளின் தலைமை உலகப் பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது ராஜீவ் காந்தி கொலை பற்றிய கேள்விக்குக் கிடைத்த சொல் 'துன்பியல் சம்பவம்'. இதில் வினையே கிடையாது. சம்பவம் தானாகச் சம்பவிப்பது, மழை பெய்வதுபோல. யார் செய்தார் என்று இலக்கணப்படி கேட்கக்கூட முடியாத ஒரு பெயர்ச்சொல். தமிழ்நாட்டில் அதைக் கேலி செய்தவர்கள் உண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் உண்டு. அந்தச் சொல்லின் அமைப்பை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அரசின் மொழி வேறு மாதிரி இயங்கியது. அது எழுவாயை மறைக்கவில்லை. 'நமது படைகள் முன்னேறின', 'நமது படைகள் விடுவித்தன' என்று எழுவாய் மார்தட்டிக்கொண்டு நின்றது. அது மறைத்தது செயப்படுபொருளை. 2009இன் தொடக்கத்தில் வன்னியில் சிக்கியிருந்த மக்கள் ஏறத்தாழ 70,000 பேர் என்று கொழும்பு சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கை வைத்துத்தான் உணவும் மருந்தும் அனுப்பப்பட்டன. போர் முடிந்து முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் மட்டும் ஏறத்தாழ 2,90,000 பேர். செத்தவர்கள் இதில் சேர்த்தியில்லை. குண்டு போடுவதற்கு முன்பே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் வாக்கியத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டார்கள். இல்லாத மக்களைக் கொல்ல முடியாதல்லவா? 'மனிதாபிமான நடவடிக்கை' என்றும் 'ஒரு பொதுமகனும் சாகாத போர்' என்றும் அவர்களால் கூசாமல் சொல்ல முடிந்தது இப்படித்தான்.

ஆக, ஒரு தரப்பின் சொல்லாடலில் கொன்றவர் இல்லை. இன்னொரு தரப்பின் சொல்லாடலில் கொல்லப்பட்டவர் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் யாரும் யாரையும் கொல்லாத ஒரு போர் கிடைக்கிறது.

இரண்டு இடங்களையும் நிரப்ப முயன்றவர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1988இல் மனித உரிமைகளுக்கான ஆசிரியர்களின் அமைப்பு ஒன்று உருவானது. இலங்கை இராணுவம், இந்திய இராணுவம், புலிகள், மற்ற இயக்கங்கள் என்று எல்லாரின் பெயரையும் எழுவாயில் வைத்து எழுதினார்கள். உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம அவர்களில் ஒருவர். 21.9.1989 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். கொன்றது புலிகள் என்பதே பரவலான முடிவு, புலிகள் ஏற்கவில்லை. அவரும் மற்ற மூவரும் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' நூல் அவர் சாவுக்குப் பின் 1990இல் வெளிவந்தது. தமிழ்நாட்டில் அதைப் படிக்காமலே துரோக இலக்கியம் என்று சொன்னவர்களை எனக்கு நேரிலேயே தெரியும். நானும் முதலில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

'இரு தரப்பிலும் தவறு இருக்கிறது' என்ற வாக்கியத்துக்கு வருவோம். இதைக் கேட்டாலே நமக்குக் கோபம் வருகிறது. கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. இந்த வாக்கியத்தைப் பெரும்பாலும் சொல்பவர்கள் தில்லியிலோ கொழும்பிலோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவர்கள். சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் தவறான வாயிலிருந்து வருகிறது என்பதாலேயே ஒரு வாக்கியம் பொய்யாகிவிடாது. அதை எப்படி மெய்யாகச் சொல்வது என்பதுதான் சிக்கல்.

முதல் சிக்கல், கதையை எங்கே தொடங்குவது என்பது. 14.5.1985 அன்று புலிகள் அநுராதபுரத்துக்குள் புகுந்து பஸ் நிலையத்திலும் புனித வெள்ளரச மரத்தடியிலும் சிங்களப் பொதுமக்கள் 146 பேரைக் கொன்றார்கள். மறுநாள், 15.5.1985, நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினிப் படகை மறித்து இருபதுக்கும் மேற்பட்ட தமிழர்களை வெட்டிக் கொன்றார்கள், குற்றஞ்சாட்டப்பட்டது கடற்படை. சிங்கள வரலாற்றாசிரியர் அநுராதபுரத்தில் தொடங்கினால் குமுதினி பழிக்குப் பழி. நாம் அங்கே தொடங்கமாட்டோம். சில நாள் முன்பு வல்வெட்டித்துறையில் இராணுவம் ஆடிய வெறியாட்டத்தில் தொடங்குவோம், அநுராதபுரம் பழிக்குப் பழியாகிவிடும். அவர் அதற்கும் முன்பு போவார்: 30.11.1984, டொலர் பண்ணை, கென்ற் பண்ணை, சிங்களக் குடியேற்றக்காரர்களைப் புலிகள் கொன்ற இடம். நாம் இன்னும் பின்னால் போவோம்: அந்தப் பண்ணைகளில் அதற்கு முன் இருந்தவர்கள் 1977 வன்முறையில் விரட்டப்பட்டு வந்த மலையகத் தமிழர்கள், அவர்களை அப்புறப்படுத்திவிட்டுத்தான் அரசு சிறைக்கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டுவந்து இறக்கியது. பின்னால் போகப் போக நாம் நியாயத்தின் பக்கம் நெருங்குவதுபோல் ஒரு தோற்றம். 1983 ஜூலையைத் தாண்டி, யாழ் நூலகம் எரிந்த 1981ஐத் தாண்டி, 1956இன் தனிச் சிங்களச் சட்டம்வரை போனால் அரசியல் நியாயம் நம் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெள்ளரச மரத்தடியில் கும்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் 1956இல் எந்தச் சட்டத்தையும் போட்டவர்களில்லை. காரணத்தின் வரலாறு ஒன்று, செயலின் பொறுப்பு இன்னொன்று. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை அழிக்கிற வேலையைத்தான் இரு மொழிகளின் தேசியக் கதையாடல்களும் செய்துகொண்டிருக்கின்றன.

ஒரு தேதியைப் பார்க்கலாம். அக்டோபர் 30.

1990ஆம் ஆண்டு அந்த நாளில் யாழ்ப்பாண நகரத்தின் முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணி நேரத்தில் வெளியேறவேண்டும் என்று புலிகள் அறிவித்தார்கள். சோனகத் தெருவும் ஐந்து சந்தியும் காலியாயின. நகை, பணம், வீட்டு உறுதி எல்லாவற்றையும் வைத்துவிட்டுக் கையில் சில நூறு ரூபாயோடு போனார்கள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து இப்படி விரட்டப்பட்டவர்கள் 70,000க்கும் மேல். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது புத்தளத்து ஓலைக் குடிசைகளில். கிழக்கில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றது அதே ஆண்டு ஆகஸ்ட் 3. சத்துருக்கொண்டானில் தமிழர்கள், குழந்தைகள் உட்பட, கொல்லப்பட்டது செப்டம்பர் 9. குற்றஞ்சாட்டப்பட்டது இராணுவமும் அதனோடு நின்ற ஊர்காவல் படையினரும். கிழக்கில் நடந்ததுதான் வடக்கின் வெளியேற்றத்துக்குக் காரணம் என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். சோனகத் தெருவில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தவருக்கும் கிழக்கின் ஊர்காவல் படைக்கும் என்ன சம்பந்தம்? இனம் என்ற ஒரே சொல்தான் சம்பந்தம். 1983இல் கொழும்பில் கடை வைத்திருந்த தமிழனுக்கும் திருநெல்வேலியில் 13 சிப்பாய்களைக் கொன்ற கண்ணிவெடிக்கும் என்ன சம்பந்தமோ அதே சம்பந்தம்.

வெளியேறியவர்களைப் பார்த்துத் தெருவோரம் நின்று அழுத தமிழர்கள் இருந்தார்கள். வாய் திறக்காமல் கதவைச் சாத்திக்கொண்டவர்களும் இருந்தார்கள். போனவர்களின் வீட்டுச் சாமான்கள் பிறகு விற்பனைக்கு வந்தபோது வாங்கியவர்களும் இருந்தார்கள்.

ஐந்து ஆண்டு கழித்து, 1995இல், அதே அக்டோபர் 30. இராணுவம் 'சூரியக்கதிர்' நடவடிக்கையில் யாழ்ப்பாணத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஜூலையில்தான் நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மீது விமானப்படை குண்டு போட்டு நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றிருந்தது. அந்தப் பயம் ஊரின் அடிவயிற்றில் இருந்தது. மாலையில் புலிகளின் ஒலிபெருக்கி வண்டிகள் வந்தன: உடனே வெளியேறவேண்டும். வலிகாமத்தின் நாலைந்து லட்சம் மக்கள் ஒரே இரவில், மழையில், செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் தாண்டித் தென்மராட்சிக்குப் போனார்கள். கிழவர்கள், கைக்குழந்தைகள், சைக்கிளில் கட்டிய மூட்டைகள். குடையைக் கவிழ்த்து மழைநீர் பிடித்துக் குடித்தார்கள் என்று சொல்வார்கள்.

இவர்களை வெளியேற்றியது யார்? இராணுவம் என்றால் சரி; நவாலியைப் பார்த்த பிறகு யார் ஊரில் இருப்பார்கள்? புலிகள் என்றாலும் சரி; இருக்க விரும்பியவரை இருக்க விடவில்லை. இரண்டு விடையும் முழு விடை. பாதி பாதி அல்ல.

நான் வற்புறுத்த விரும்புவது இதைத்தான். பொறுப்பு என்றதும் நம் மனசில் வருவது பாகப்பிரிவினைச் சொத்தின் படிமம். மொத்தம் நூறு பங்கு. புலிகளுக்கு முப்பது எழுதினால் அரசுக்கு எழுபதுதான் மிஞ்சும். ஆகவே அரசின் குற்றம் குறையக்கூடாதென்றால் புலிகள் பெயரில் ஒரு பங்குகூட எழுதக்கூடாது. எதிர்த்தரப்பும் இதே கணக்கைத்தான் தலைகீழாகப் போடுகிறது: புலிகள் மக்களைக் கேடயமாக வைத்தார்கள், ஆகவே குண்டு போட்டவன் பொறுப்பு கழிகிறது என்று. இந்தக் கணிதமே தப்பு. ஒருவன் பூட்டிய அறைக்கு இன்னொருவன் தீ வைத்தால் பூட்டியவனும் முழுக் குற்றவாளி, வைத்தவனும் முழுக் குற்றவாளி. கூட்டினால் இருநூறு வருகிறதே என்றால், வரட்டும்.

ஐ.நா. பொதுச்செயலர் நியமித்த தாருஸ்மன், சூக்கா, ராட்னர் ஆகிய மூவர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையை இதற்காகவே படிக்கவேண்டும். அரசின்மீது ஐந்து வகைக் குற்றச்சாட்டுகள்: பரந்த அளவில் எறிகணை வீசி மக்களைக் கொன்றது, மருத்துவமனைகளைத் தாக்கியது, உணவும் மருந்தும் மறுத்தது, தப்பி வந்தவர்கள்மீதான மீறல்கள், போர்க்களத்துக்கு வெளியே பத்திரிகையாளர் போன்றோர்மீதான மீறல்கள். புலிகள்மீது ஆறு: மக்களைத் தடுப்பரணாகப் பயன்படுத்தியது, தப்பியோட முயன்றவர்களைச் சுட்டது, மக்களுக்கு அருகே படைக்கலங்களை நிறுத்தியது, சிறார்களைக் கட்டாயமாகச் சேர்த்தது, கட்டாய உழைப்பு, தற்கொலைத் தாக்குதலில் மக்களைக் கொன்றது. ஐந்தைவிட ஆறு பெரிது என்று இலங்கை அரசின் ஆட்கள் துள்ளலாம். ஆனால் அதே அறிக்கை சொல்கிறது, இறுதிக் கட்டத்தில் பொதுமக்கள் சாவில் பெரும்பகுதி அரசின் எறிகணைகளால் நேர்ந்தது, அது 40,000வரை இருக்கலாம் என்று. வகைகளை எண்ணுவது எடைபோடுவது ஆகாது. நம் ஆட்களோ அந்த அறிக்கையின் முதல் ஐந்தை மட்டும் மொழிபெயர்த்துத் துண்டுப்பிரசுரம் போட்டார்கள். ஆறு எங்கே என்று கேட்டவனைத் துரோகி என்றார்கள். ஒரே பிரதியை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்ட கதை.

எடை சமமல்ல. விமானமும் பல்குழல் பீரங்கியும் வைத்திருந்த, வரி வாங்குகிற, தன் குடிமக்கள் என்று உரிமை கொண்டாடுகிற அரசை ஓர் இயக்கத்தோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் 'விடுதலை' என்ற சொல்லைக் கொண்டு வந்தவனிடம், அந்த மக்களின் பெயராலேயே பேசியவனிடம், வேறொரு கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. அவனுடைய தோட்டா முதுகில் பாய்ந்து செத்தவள் அந்த விடுதலைக்காகத்தான் விடுவிக்கப்பட இருந்தவள்.

முதல் போர் விலக்கு வலயம் ஜனவரி 2009இல் அறிவிக்கப்பட்டது. பிறகு பிப்ரவரியில் ஒன்று, மே மாதம் இன்னொன்று. அங்கே போங்கள், பாதுகாப்பு உண்டு என்றார்கள். மூன்றிலும் எறிகணை விழுந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புறநானூற்று ஒன்பதாம் பாட்டு ஞாபகம் வரும். பசுக்களும் பார்ப்பனரும் பெண்களும் நோயாளிகளும் பிள்ளையில்லாதவரும் காவலான இடத்துக்குப் போய்விடுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று அறிவித்துவிட்டுப் போர் தொடுக்கிறவனாம் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. தமிழனின் போரறம் என்று மேடையில் முழங்கப்படுகிற பாட்டு. நெட்டிமையார் பாடியது. ஆனால் அதே நெட்டிமையார் அதே பெருவழுதியைப் பாடிய பதினைந்தாம் பாட்டை மேடையில் யாரும் சொல்வதில்லை. அதில் அவன் பகைவரின் தெருக்களைக் கழுதை பூட்டி உழுகிறான், விளைந்து நின்ற வயலில் தேர் ஓட்டுகிறான். பாராட்டுத்தான் அதுவும். நோயாளிகள் திரும்பி வந்தபோது அங்கே தெரு இருந்திருக்காது. அறிவித்துவிட்டால் அறம் முடிந்துவிடுகிறது என்பது மிகப் பழைய தந்திரம். நாம் அதைப் பரீட்சைக்குப் படித்துப் பத்து மதிப்பெண் வாங்கியவர்கள்.

இந்தியாவை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம் என்று பார்த்தால் முடியாது, ஆனாலும் ஒன்று. 21.10.1987, தீபாவளி நாள். யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்திய அமைதிப்படை புகுந்தது. மறுநாள்வரை நடந்த கொலையில் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் ஊழியர்களுமாக ஏறத்தாழ 70 பேர் செத்தார்கள். கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த ஒரு மருத்துவரும் சுடப்பட்டார். முன்னதாகப் புலிகள் அந்த வளாகத்துக்குள் வந்துபோனதும் பதிவாகியிருக்கிறது. அது படுக்கையில் கிடந்தவனைச் சுட்டதற்குப் பதிலாகாது. பயிற்சி முகாம் நடத்தியதும் நம் அரசுதான், அமைதிப்படை அனுப்பியதும் நம் அரசுதான். அன்றைக்குத் தமிழ்நாட்டில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தோம். 'நாம்' என்ற எழுவாய் இங்கே பொருந்துமா பொருந்தாதா? கார்ல் யாஸ்பர்ஸ் 1946இல் ஜெர்மானியக் குற்றம் பற்றிய நூலில் சட்டக் குற்றம் தனிமனிதனுக்கு, அரசியல் பொறுப்பு குடிமக்கள் எல்லாருக்கும் என்று பிரித்துக் காட்டினார். அதன்படி பொருந்தும்.

2009இன் தொடக்கத்தில் நான் கல்லூரியில் இருந்தேன். ஜனவரி 29 அன்று முத்துக்குமார் சாஸ்திரி பவன் வாசலில் தீக்குளித்த பிறகு எங்கள் விடுதியில் யாரும் பாடம் படிக்கவில்லை. போஸ்டர் எழுதுவது என் பொறுப்பு. தமிழ் நன்றாக வரும் என்று. எங்களோடு ஒரு பையன் படித்தான். 2006இல் தாயோடு படகேறி வந்து அகதி முகாமில் இருந்தவன். அண்ணன் மட்டும் வன்னியில் மாமா வீட்டில் தங்கிவிட்டான். ஊர்வலத்துக்கு வருவான், கோஷம் போடமாட்டான். ஒருநாள் ராத்திரி பசை காய்ச்சிக்கொண்டிருந்தபோது கேட்டேன், வீட்டில் என்ன தகவல் என்று. சொன்னான்: "அண்ணாவை இயக்கம் கொண்டு போயிட்டுது. மாமா செல்லில செத்துப்போனார்."

இரண்டு வாக்கியமும் ஒரே குரலில் வந்தன. முதல் வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது. இரண்டாவதில் இல்லை, செல் எங்கிருந்தோ வந்து விழுந்தது. எழுவாய் இல்லாத வாக்கியத்துக்கு நான் எழுவாய் போட்டேன், போஸ்டரில் சிவப்பு மையில், சிங்கள அரசே என்று. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். "அண்ணாவையும் எழுதுவியளோ?" என்றான். இப்போது அதற்கு நேரமில்லை, ஒற்றுமை கெடும் என்று ஏதோ சொன்னேன். பெரிய அரசியல் ஞானம் மாதிரி. அவன் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

ஏப்ரல் 27 காலையில் முதல்வர் கருணாநிதி அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் தொடங்கினார். கனரக ஆயுதங்களை இனிப் பயன்படுத்தமாட்டோம் என்று கொழும்பு அறிவித்தது, மதியத்துக்குள் உண்ணாவிரதம் முடிந்தது. எறிகணைகள் முடியவில்லை. மே 17, 18இல் மிஞ்சியவர்கள் வட்டுவாகல் பாலத்தைத் தாண்டி இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தார்கள். அவன் அண்ணனும் அந்தக் கூட்டத்தில் நடந்து வந்ததைப் பார்த்தவர் இருக்கிறார். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவரும் பெயர் கொடுக்கவேண்டும் என்று அங்கே சொன்னார்களாம். பெயர் கொடுத்தவன் பிறகு வரவில்லை. ஆக இந்த ஒரு பையனுக்கு இரண்டு எழுவாய். ஒருவர் கொண்டு போனார், இன்னொருவர் திருப்பித் தரவில்லை. கொண்டு போகாவிட்டால் காணாமல் போயிருக்கமாட்டான் என்பது உண்மை. அதனால் காணாமல் ஆக்கியவனின் குற்றம் ஒரு குன்றிமணியும் குறையாது என்பதும் உண்மை.

2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள் வீதியோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தன. வவுனியாவிலும் உட்கார்ந்தார்கள். நண்பனின் தாயார் அதற்கு முந்தைய வருஷமே ஊர் திரும்பிவிட்டார். அவரும் போய் உட்கார்ந்தார். மடியில் வைத்திருக்கிற படத்தை அவன் எனக்கு அனுப்பியிருந்தான். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டி, எண்ணெய் வைத்து அழுத்தி வாரிய தலை. இயக்கம் கொண்டுபோவதற்கு முந்தின வருஷம் எடுத்தது. அதற்குப் பிறகு எடுத்த படம் எதுவும் அவரிடம் இல்லை.